பந்தும் சதங்கையும்

பள்ளிக்கூடம் என்றால் ஏடும் எழுத்தும் மட்டுமே என்று நம் முன்னோர் எண்ணிய காலம் ஒன்று இருந்தது. ஓட்டமும் ஆட்டமும் கல்வியின் உறுப்புகளே என்று அவர்கள் ஒப்புக்கொள்ள நெடுநாள் ஆயிற்று. அந்த மாற்றம் நிகழ்ந்த விதத்தைத் திருவனந்தபுரம் நகரத்தைக் கொண்டு இன்று சற்று நோக்குவோம். தமிழகத்துக்கு வெளியே வாழும் நமக்கு அந்நகரம் அயலூர் அன்று. அதன் சாலைக் கடைத்தெருவில் தமிழ் இன்றும் ஒலித்துக்கொண்டிருக்கிறது.

2025ஆம் ஆண்டில் அந்நகரம் இரண்டு பெரிய பள்ளி விழாக்களைக் கண்டது. ஜனவரி 4 முதல் 8 வரை 63ஆவது கேரளப் பள்ளிக் கலைவிழா நடைபெற்றது. அக்டோபரில் மாநிலப் பள்ளி விளையாட்டு விழா நடைபெற்றது; கூடைப்பந்தும் அதில் ஓர் ஆட்டம். ஆண்டின் தொடக்கத்தில் சதங்கை ஒலித்த ஊரில் ஆண்டின் இறுதிக்குள் பந்தும் ஒலித்தது. இவ்விரண்டும் பள்ளிக்கூடத்துக்குள் வந்த வழிகள் வெவ்வேறானவை.

பந்து கடல் கடந்து வந்தது. 1891 டிசம்பரில், அமெரிக்காவின் ஸ்பிரிங்பீல்ட் நகரில், ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்னும் ஆசிரியர் குளிர்காலத்தில் மாணவர் கூரையின் கீழ் விளையாடுவதற்கென்று கூடைப்பந்தை வகுத்தார். பழக்கூடைகள் இரண்டு, விதிகள் பதின்மூன்று, பக்கத்துக்கு ஒன்பது பேர், தொடக்கம் இவ்வளவே. அடுத்த ஆண்டிலேயே செண்டா பெரன்சன் என்னும் ஆசிரியை அதனைப் பெண்களுக்குக் கற்பித்தார். அதே ஸ்பிரிங்பீல்டில் பயின்ற ஹாரி குரோ பக் என்பவர் 1920இல் சென்னையில் உடற்பயிற்சிக் கல்லூரியை நிறுவினார். அங்கே பயின்ற ஆசிரியர்கள் தென்னாட்டுப் பள்ளிகளுக்குப் புது விளையாட்டுகளைக் கொண்டு சென்றனர். திருவனந்தபுரத்தில் விளையாட்டுக்கு ஊன்றிய கொம்பாக நின்றவர் கர்னல் கோதவர்ம ராஜா. மாநில விளையாட்டு மன்றம் அவர் முயற்சியால் எழுந்தது. அந்நகரின் அருகே மாணவர்க்கான விளையாட்டுப் பள்ளி ஒன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

சதங்கையோ பழைய அரண்மனை வழியே வந்தது. சுவாதித் திருநாள் மகாராஜாவின் அவையில் தஞ்சை நால்வருள் ஒருவரான வடிவேலு விளங்கினார் என்பதும், அவருக்கு மன்னர் தந்தத்தாலான வயலின் ஒன்றைப் பரிசளித்தார் என்பதும் நாம் அறிந்தவை. காவிரிக் கரையின் ஆடல்முறை அவ்வாறு அனந்தபுரியில் வேர்கொண்டது. ஆயினும் அக்கலை அரண்மனையிலும் கோயிலிலும், ஆடலையே வாழ்வாகக் கொண்ட மகளிரிடத்திலும் தங்கியிருந்தது. குடும்பப் பெண் ஆடுவது குறை என்று கருதப்பட்டது. 1930இல் வள்ளத்தோளின் கலாமண்டலம் தோன்றியது. குரு கோபிநாத் திருவனந்தபுரத்தில் தம் கலைக்கூடத்தை அமைத்தார். இத்தகையோர் உழைப்பால் அந்தத் தடை சிறிது சிறிதாகத் தளர்ந்தது.

கதவை முழுதும் திறந்தது பள்ளிக்கூடமே. கேரள மாநிலம் உருவான சில வாரங்களில், 1957 ஜனவரியில், எர்ணாகுளத்தில் முதல் பள்ளிக் கலைவிழா நடந்தது. அதன் பின் பிறப்பும் குலமும் கேளாமல், பள்ளிச் சீருடை அணிந்த எக்குழந்தையும் மேடையேறலாம் என்ற நிலை வந்தது.

அமெரிக்கப் பள்ளிகளில் பந்தாட்டத்தின் இடைவேளையில் மாணவியர் ஆடுவது வழக்கம். நம் நாட்டில் ஆடல் இடைவேளைப் பொருளாகாமல், தனக்கென ஒரு மேடையும் நடுவரும் பெற்றது. அது பெருமைதான், ஆனால் அப்பெருமையோடு ஒரு தீங்கும் வந்தது. 1986 முதல் கலைத்திலகம், கலாப்ரதிபா என்னும் தனிப் பட்டங்கள் வழங்கப்பட்டன. பட்டத்துக்காகப் பெற்றோர் பொருளை வாரி இறைத்தனர். தீர்ப்பின்மேல் வழக்குகள் எழுந்தன. அணிகலனுக்கும் ஒப்பனைக்கும் பணமில்லாத குழந்தை, திறமிருந்தும் ஒதுங்கி நின்றது. இறுதியில் 2006இல் அப்பட்டங்கள் கைவிடப்பட்டன. 117½ பவுன் தங்கக் கோப்பை மட்டும் நிலைத்தது. அது தனியொருவருக்கு உரியதன்று, மாவட்டத்துக்கு உரியது.

இங்கேதான் பந்து சதங்கைக்கு ஒரு பாடம் சொல்கிறது என்று நாம் கருதுகிறோம். கூடைப்பந்தில் கூடைக்குள் பந்தை இடுபவர் ஒருவரே. புள்ளி ஐவருக்கும் உரியது. பந்தை எடுத்துக் கொடுத்தவளின் பெயர் பலகையில் ஏறுவதில்லை. அவளின்றி வெற்றியும் இல்லை. 2018 ஜனவரியில் சென்னையில் நடந்த தேசியப் போட்டியில் கேரள மகளிர் வலிய ரயில்வே அணியை வென்றதும் இவ்வகைக் கூட்டுறவாலேயே.

2025 கலைவிழாவின் முடிவு இதற்குச் சான்று. திருச்சூர் 1008 புள்ளி பெற்றது, பாலக்காடு 1007. இருபத்தாறு ஆண்டுகளுக்குப் பின் திருச்சூர் கோப்பையைப் பெற்றது ஒரே ஒரு புள்ளியால். தனிப்போட்டியில் முதல் தரம் பெறும் குழந்தை தரும் புள்ளி ஐந்து. பரதநாட்டியம் ஆடுபவளும் ஐந்தே தருவாள். தமிழில் செய்யுள் ஒப்பிப்பவனும் ஐந்தே தருவான். ஆம், அவ்விழாவில் தமிழ்ச் செய்யுளுக்கும் தமிழ்ப் பேச்சுக்கும் இடமுண்டு. அவ்வாண்டில் பழங்குடியினர் ஆடல்கள் ஐந்து புதிதாகச் சேர்க்கப்பட்டன. அவற்றுள் இருளர் ஆடலும் பளியர் ஆடலும் உண்டு. இம்மக்கள் நம் தமிழக மலைகளிலும் வாழ்பவர்களே.

அயல் மாநிலத்தில் பிள்ளைகளை வளர்க்கும் நாம் இதிலிருந்து அறியவேண்டியது ஒன்றுண்டு. நம் குழந்தை முதற்பரிசு பெறவேண்டும் என்று விரும்புவது இயல்பே. அதனினும் மேலானது, அக்குழந்தை தான் பயிலும் பள்ளியின் அணியில் ஒருவராக நிற்பது. ஐவர் ஆடும் ஆடுகளத்தில் அடுத்தவர் கைக்குப் பந்தை அனுப்பக் கற்ற பிள்ளைக்கு எந்த ஊரும் அயலூர் ஆகாது.