அம்மைப்பாலில் இருந்து டிஎன்ஏ பூட்டு வரை

தஞ்சை மன்னர் இரண்டாம் சரபோஜி ஒரத்தநாட்டில் கட்டிய முத்தம்பாள் சத்திரத்தை அன்னதானத்துக்காக மட்டும் நினைவுகூர்கிறோம். தஞ்சைச் சத்திரங்களின் நடைமுறையை விளக்கி 1801-இல் பிரிட்டிஷ் ரெசிடென்ட் டோரினுக்கு அவர் எழுதிய கடிதம் இன்னொன்றையும் சொல்கிறது: நோயில் விழுந்த வழிப்போக்கருக்கு மருந்தும் பத்தியமும் தந்து, குணமாகும்வரை கவனிக்க வேண்டும். கண் நோயாளிகளுக்கு என்ன கோளாறு, என்ன சிகிச்சை என்று கண்ணின் ஓவியத்தோடு எழுதிவைத்த தாள்கள் தஞ்சை சரசுவதி மகால் நூலகத்தில் இன்றும் இருக்கின்றன. மருந்தைக் கொடுத்ததோடு வைத்தியரின் பொறுப்பு முடியவில்லை. உடலுக்குள் அனுப்பப்படும் எதற்கும் உண்மையான காவல் இந்தத் தொடர் கவனிப்புதான் என்பேன்.

பெரியம்மைத் தடுப்பு மருந்தான அம்மைப்பாலின் வரலாறு இதற்குச் சான்று. 1802 ஜூனில் பம்பாயில் மூன்று வயது அன்னா டஸ்ட்ஹாலுக்குக் குத்தியதோடு இந்தியாவில் அது தொடங்கியது. ஒரு குழந்தையின் கையில் எழும்பிய கொப்புளத்தைக் கீறி, கசியும் நீரை அடுத்த குழந்தையின் கையில் ஏற்றினார்கள். பெரியம்மையை அது தடுத்தது. ஆனால் அதே கீறல் வழியே மேகநோயும் பரவ முடிந்தது. கெடுதி பாலில் இல்லை, அதைக் கடத்திய முறையில் இருந்தது. பிரிட்டன் கைக்குக் கை குத்துவதைத் தடைசெய்ய 1898 ஆயிற்று.

இன்றைய டிஎன்ஏ நுண்கருவிகளிலும் பேச்செல்லாம் உரிய இடத்தில் மட்டும் திறக்கும் உள்பூட்டைப் பற்றியே. 2012-இல் ஹார்வர்டில் செய்த டிஎன்ஏ பெட்டி, குறித்த புரதங்களைக் கண்டால் மட்டும் திறந்தது. 2018-இல் வெளியான ஆய்வில், புற்றுக்கட்டியின் ரத்தக்குழாயில் மட்டும் திறந்து த்ராம்பின் என்ற நொதியால் ரத்தத்தை உறைய வைக்கும் கருவியை எலியிலும் பன்றியிலும் சோதித்தார்கள். சென்னையில் வேதியியல் படித்த யமுனா கிருஷ்ணன், பெங்களூருவில் புழுவின் செல்லுக்குள் அமிலத்தன்மையை அளக்கும் டிஎன்ஏ கருவியை இயக்கிக் காட்டினார். டிஎன்ஏ உயிரற்றது, தானாகப் பெருகாது, ரத்தத்தின் நொதிகளே அதைச் சிதைத்துவிடும், பிறகென்ன பயம் என்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் அந்தச் சிதைவைத் தள்ளிப்போடத்தானே கருவிக்கு மேற்பூச்சு பூசுகிறார்கள்? இயற்கை வைத்த கெடுவை நாமே நீட்டிக்கிறோம். த்ராம்பின் பூட்டு மூளையின் ரத்தக்குழாயில் திறந்தால் விளைவு பக்கவாதம். கட்டுப்பாடு கூடினால் சிகிச்சை தாமதமாகும் என்பதும் மெய். ஆனால் நான் கேட்பது தடையை அல்ல, பதிவை. நானோ மருந்துகளை மதிப்பிட 2019-இல் மத்திய அரசு நெறிமுறை வெளியிட்டது. இத்தகைய கருவி மனிதருக்கு வரும் நாளில், அதை ஏற்றவரின் குறிப்பேடு பெருநகர ஆய்வகத்தோடு நில்லாமல் ஒரத்தநாட்டு அரசு மருத்துவமனைக்கும் வரவேண்டும். ஆண்டுக்கணக்கில் அவரைக் கூப்பிட்டு விசாரிக்கும் கடமையையும் சட்டமாக்க வேண்டும்.