நெருப்பை மூடி வைத்தல்

2020 மார்ச் 24, செவ்வாய்க்கிழமை. சாயங்காலம் ஆறு மணியிலிருந்து 144 தடை உத்தரவு என்று மைக்கில் சொல்லியபடி காரியாபட்டித் தெருக்களில் ஒரு ஆட்டோ போய்க்கொண்டிருந்தது. திண்ணையில் உட்கார்ந்திருந்த அப்பத்தா என்னைப் பார்த்துக் கேட்டாள்: "நூத்தி நாப்பத்தி நாலுன்னா ஒரு குரோஸ்லய்யா? அதை எதுக்கு மைக்குல சொல்லிட்டுப் போறான்?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் அப்பத்தா கேட்டதில் தப்பில்லை. வயசில் அவள் தீப்பெட்டி ஒட்டிக் குடும்பத்தைத் தாங்கியவள். கூலி குரோஸ் கணக்கில்தான். 12 டஜன் ஒரு குரோஸ், அதாவது 144 பெட்டி. சட்டப்பிரிவு என்றால் அவளுக்கு என்னவென்று தெரியாது. அவளைப் பொறுத்தவரை அந்த எண் ஒரு கூலி.

அன்றிரவு எட்டு மணிக்குப் பிரதமர் டிவியில் பேசினார். நள்ளிரவு முதல் 21 நாள், நாடு முழுக்க. மறுநாள் செய்தியெல்லாம் "ஊரடங்கு" என்றது. அப்பத்தாவிடம் அடுத்த கேள்வி தயாராக இருந்தது: "ஊரு ராத்திரிதானேய்யா அடங்கும்? பகல்ல எப்படி அடங்கும்?"

இந்தக் கேள்விக்கு என்னால் சிரிக்க முடியவில்லை. அந்த 21 நாளும் வேலையில்லாமல் கிடந்தவன் இந்த வார்த்தைகளைத்தான் நோண்டிக்கொண்டிருந்தேன்.

நாம் "144 போட்டுட்டாங்க", "கர்ஃப்யூ", "லாக்டவுன்" மூன்றையும் ஒன்றாகவே பேசுகிறோம். ஆனால் மூன்றும் வேறு வேறு. 144 என்பது 1898ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் இருந்த எண். 1973இல் சட்டத்தைப் புதிதாக எழுதியபோதும் எண் மாறவில்லை. கூட்டம் கூடுவது போன்றவற்றுக்குத் தடை போட நிர்வாக நடுவருக்கு அதிகாரம் தருகிற பிரிவு அது. 2024 ஜூலை 1 முதல் புதிய சட்டத்தில் அதன் எண் 163. ஆனாலும் நம் வாயில் இன்னும் 144தான்.

லாக்டவுன் சிறையிலிருந்து வந்த வார்த்தை. 1970களில் அமெரிக்கச் சிறைகளில் கலவரம் வந்தால் எல்லாக் கைதிகளையும் அறைக்குள் தள்ளிப் பூட்டுவார்கள். அதற்குப் பெயர் லாக்டவுன். உள்ளே இருப்பவன் கையில் சாவி இருக்காது. காலின்ஸ் அகராதி 2020ஆம் ஆண்டின் வார்த்தையாகத் தேர்ந்தெடுத்தது இதைத்தான்.

கர்ஃப்யூ என்ற சொல்லின் கதை தெரிந்தபோதுதான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். பழைய பிரெஞ்சில் அதற்கு அர்த்தம் "நெருப்பை மூடு". இடைக்கால ஐரோப்பாவில் மர வீடுகளும் கூரை வீடுகளும்தான் அதிகம். ஒரு அடுப்பு பற்றினால் தெருவே போய்விடும். அதனால் ராத்திரி மணி அடிப்பார்கள். இங்கிலாந்தில் பல ஊர்களில் அது எட்டு மணிக்கு. மணி கேட்டதும் அடுப்புக் கங்கைச் சாம்பலால் மூட வேண்டும். அடுப்பின் மேல் கவிழ்க்கிற உலோக மூடிக்கும் அதே பெயர்தான்.

தமிழில் ஊரடங்கு. அடங்கு என்பது தன்வினை. ஊர் தானாக அடங்குகிறது. "ஊர் அடங்கினப்புறம் வா" என்று சொல்கிற அந்த நேரம். வெளியிலிருந்து ஒருவர் செய்தால் அது பிறவினை, அடக்கு. 2020இல் நடந்தது பிறவினை, அதற்கு வைத்த பெயர் தன்வினை. பகலில் ஊர் எப்படி அடங்கும் என்று அப்பத்தா கேட்டது இலக்கணப்படியே சரியான கேள்வி.

சித்தியைக் கட்டிக்கொடுத்தது சாத்தூர் பக்கம். வெடி ஆபீஸில் வேலை. எங்கள் பக்கத்தில் ஆபீஸ் என்றால் பட்டாசு ஆலையும் தீப்பெட்டி ஆலையும்தான். கம்ப்யூட்டர் முன்னால் உட்காருகிற ஆபீஸ் எங்களுக்குப் பிறகு வந்தது. நகரத்து நண்பர்கள் "ஒர்க் ஃப்ரம் ஹோம்" என்று போட்டோ போட்டபோது சித்தியின் ஆபீஸும் பூட்டித்தான் கிடந்தது. ஆனால் அந்த ஆபீஸ் வேலையை வீட்டுக்குக் கொண்டுவந்தால் என்ன ஆகும்?

கொண்டுவந்தார்கள். மூன்றாவது வாரம் ஒருவர் வந்து, காகிதக் குழாய் உருட்டித் தருவீர்களா என்று கேட்டிருக்கிறார். சித்தி சரி என்றாள். பேப்பர், பசை, குரோஸ் கணக்கு. இரண்டு நாள் கழித்து அதே ஆள் வந்து, மருந்தும் தருகிறேன், வீட்டிலேயே அடைத்துக் கொடுங்கள், கூலி கூட என்றிருக்கிறார். வீட்டில் வைத்து மருந்து அடைப்பது குற்றம் என்பது எங்கள் பக்கத்துச் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஏன் குற்றம் என்பதும் தெரியும். அப்படி அடைத்து வீட்டோடு போனவர்கள் உண்டு. அந்த வாரம் சித்தி வீட்டில் ரேஷன் அரிசியைத் தவிர வேறொன்றும் இல்லை.

வேண்டாம் என்று சொல்லி அனுப்பிவிட்டாள். போனில் என்னிடம் சொன்னாள்: "வீட்டுக்குள்ள இருந்தா உசுருக்குப் பயமில்லன்னு டிவியில சொல்றாகய்யா. மருந்து உள்ள வந்துட்டா வீடு எங்க இருக்கும்?"

கர்ஃப்யூ மணி அடித்தவர்களுக்கும் இந்தப் பயம்தானே இருந்திருக்கும்?

அன்று ராத்திரி அப்பத்தாவிடம் இந்த நெருப்பு மூடுகிற கதையைச் சொன்னேன். அவளுக்கு அதில் ஒரு ஆச்சரியமும் இல்லை. "நாங்களும் அப்படித்தான். வேலை முடிஞ்சதும் கங்கு மேல சாம்பலை மூடிருவேன். காலையில ஊதுனா பிடிச்சுக்கிரும். தீக்குச்சி மிச்சம்."

ஆயிரக்கணக்கில் தீப்பெட்டி ஒட்டியவள், ஒரு குச்சியை மிச்சம் பிடிக்கக் கங்கை மூடி வைத்திருக்கிறாள்.

மூடுவது என்றால் அணைப்பது என்று அதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன். கங்கை மூடுவது காலையில் ஊதுவதற்கு. பழைய வார்த்தைக்குள் காலை என்ற ஒன்று இருந்தது. சிறையிலிருந்து வந்த வார்த்தையில் அது இல்லை. பூட்டு மட்டும்தான் இருக்கிறது. சித்திக்கு நாள்கூலி. 21 நாள் வீட்டில் இரு என்று சொன்னவர்கள், 22ஆம் நாள் அடுப்பில் ஊதக் கங்கு மிச்சம் இருக்குமா என்று அவளிடம் கேட்கவில்லை. முதலில் சொன்ன 21 நாளும் அதோடு நிற்கவில்லை.

பிறகு ஆபீஸ் திறந்தது. சித்தி வேனில் ஏறிப் போனாள்.