975,000

இலங்கைப் பிரதமர் சிறிமாவோ, இந்தியப் பிரதமர் சாஸ்திரி இருவரும் செய்த சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தத்தில் (30 அக்டோபர் 1964) இடம்பெற்ற, மலையக மக்களின் தலையெழுத்தோடு பிணைந்த எண். 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றோரான ஹட்டன், நுவரெலியா உள்ளிட்ட தோட்டப் பகுதி இந்திய வம்சாவளித் தமிழர்களின் மதிப்பிட்ட தொகை இது. வீடுவீடாக எண்ணி வந்ததல்ல, முழுமையாக்கப்பட்ட எண் என்பதைக் கடைசி மூன்று சுழியங்களே காட்டிக்கொடுக்கும்.

பகாக் காரணிகள்: 2³ × 3 × 5⁵ × 13. வகுஎண்கள் 96. தன்னைத் தவிர்த்த வகுஎண்களின் கூட்டுத்தொகை 2,306,040 என்பதால் இது மிகை எண்.

இந்தியாவுக்கு 525,000, இலங்கைக்கு 300,000 எனப் பிரித்தார்கள். இவ்விரண்டின் மீப்பெரு பொது வகுஎண் 75,000. ஆகவே விகிதம் 7:4. இந்த விகிதம் தாளோடு நிற்கவில்லை. எழுவர் இந்தியாவுக்குக் கப்பலேறினால்தான் இலங்கையில் நால்வருக்குப் பிரஜாவுரிமை என்ற கணக்காக அது தோட்டத் தொழிலாளர் வாழும் லயன்களுக்குள் நுழைந்தது. ஒரே குடும்பம் இரு நாட்டுக்காரர்களாகப் பிரிந்ததும் உண்டு.

மிச்சமிருந்த 150,000 பேரை 1974இல் இந்திரா காந்தியும் சிறிமாவோவும் சரிபாதியாக, 75,000 வீதம் பகிர்ந்தனர். விகிதம் 8:5 ஆயிற்று. 5, 8, அவற்றின் கூட்டுத்தொகையான 13 மூன்றும் அடுத்தடுத்த ஃபிபனாச்சி எண்கள். இது வெறும் தற்செயல். எஞ்சிய நாடற்றோருக்கு 2003ஆம் ஆண்டுச் சட்டம் விகிதம் ஏதுமின்றி இலங்கைக் குடியுரிமை வழங்கியது.