நுரைக்கு அடியில் துரு: அடித்த கோப்பி எங்கட மலைகளுக்கு வந்த கதை

"பொட் மெசினில டல்கோனா கோப்பி போடலாமா?"

இலங்கையில் பொட் மெசின் வைத்திருக்கிற வீடுகள் அதிகமில்லை. இருக்கிற வீடுகளிலும் அது வெளிநாட்டில் இருந்து விடுமுறைக்கு வந்த சொந்தக்காரர் குடுத்துவிட்டுப் போன சாமானாகத்தான் அநேகமாக இருக்கும். ஒரு சின்னக் கப்ஸ்யூலைப் போட்டுப் பட்டனை அமத்தினால், ஓர் ஆளுக்கு அளவாகக் கோப்பி இறங்கும். அவ்வளவுதான் அதன் வேலை. 2020 ஊரடங்கில் கை நோக நோக எல்லாரும் அடித்த அந்தத் தடித்த நுரை இதில் வருமா?

சும்மா போட்டால் வராது. ஒரு சின்ன வித்தை செய்தால் ஓரளவு வரும். ஆனால் "ஏன் வராது?" என்று தேடிக்கொண்டு போனால் வழி சுவிற்சர்லாந்து, பிரேசில், ஜாவா என்று சுற்றி, கடைசியில் 1869 இல் எங்கட மடுல்சீமையில் வந்து நிற்கிறது. அந்த வழியைத்தான் இந்தக் கட்டுரையில் நடந்து பார்க்கிறோம்.

நுரை எப்படி நிற்கிறது?

எல்லாருக்கும் தெரிந்த அளவுதான். இரண்டு மேசைக்கரண்டி இன்ஸ்டன்ட் கோப்பித்தூள், இரண்டு மேசைக்கரண்டி சீனி, இரண்டு மேசைக்கரண்டி சுடுதண்ணி. அடி, அடி, அடி. கொரியாவில் இதற்கு "400 தடவை அடிக்கும் கோப்பி" என்றொரு பட்டப்பெயரும் இருந்தது.

இன்ஸ்டன்ட் தூள் என்பது அரைத்த கோப்பிக்கொட்டை இல்லை. ஏற்கனவே ஊற்றி எடுத்த கோப்பியை வற்ற வைத்துக் காய்ச்சிய தூள். அதில் இருக்கும் புரதங்களும் நீண்ட சங்கிலி மாச்சத்துகளும் காற்றுக் குமிழிகளைச் சுற்றித் தோல் மாதிரிப் படிகின்றன. சீனி அந்தத் தோலுக்கிடையில் இருக்கிற தண்ணியைப் பாகாக்கி, அது வடிந்து போகாமல் பிடித்து வைக்கிறது. நுரையை உடைக்கிற எண்ணெய் இந்தத் தூளில் மிகக் குறைவு.

இப்ப பொட் மெசினைப் பாருங்கள். ஒரு சின்னக் கப்ஸ்யூலுக்குள் 5, 6 கிராம் அரைத்த கோப்பி இருக்கும். அதில் தண்ணியோடு கரைந்து வெளியே வருவது ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்குதான். அதாவது 40 மில்லிலீற்றர் கோப்பியில் ஒரு கிராமுக்குக் கொஞ்சம் மேலே. டல்கோனாக் கலவையிலோ 30 மில்லிலீற்றர் தண்ணியில் அதைப்போலப் பல மடங்கு கோப்பி கரைந்திருக்கிறது. இவ்வளவு ஐதான கோப்பியை எவ்வளவு அடிச்சும் பிரயோசனம் இல்லை. கப்ஸ்யூலை வெட்டித் தூளை எடுத்து அடிச்சாலும் சரிவராது, அது கரையிற தூள் இல்லை.

வித்தை கியூபாவிலும் நாப்போலியிலும் இருந்து வருகிறது. அங்கே அடுப்பில் வைக்கிற மோக்கா கேத்தலில் முதல் முதல் வடிகிற, மிகக் கடுமையான சில துளிகளை மட்டும் எடுத்து, நிறையச் சீனியோடு சேர்த்து வெளிர் நிறமாகும் வரைக்கும் அடிப்பார்கள். கியூபாவில் அதற்குப் பெயர் எஸ்புமீட்டா, நாப்போலியில் கிரெமீனா. பொட் மெசினிலும் இதைச் செய்யலாம். கோப்பையில் இரண்டு மேசைக்கரண்டி சீனியைப் போட்டு மெசினுக்குக் கீழே வையுங்கள். முதல் மேசைக்கரண்டி அளவு கோப்பி இறங்கினதும் மெசினை நிற்பாட்டுங்கள். அதை அடியுங்கள். மிச்சக் கோப்பியைப் பால் இருக்கிற கிளாசுக்குள் இறக்கி, அடித்ததை மேலே விடுங்கள். டல்கோனா மாதிரிக் கரண்டியில் நட்டுக்கொண்டு நிற்காது. இளகின நுரை, கெதியில் கரைந்தும் போகும். ஆனால் ருசி நல்லம்.

உண்மையான தடித்த நுரை வேண்டுமென்றால் இன்ஸ்டன்ட் தூள்தான் வழி. சரி, அந்தத் தூள் எங்கேயிருந்து வந்தது?

கையால் அடித்தவர்கள்

"டல்கோனா" என்ற பெயர் புதிது. 2020 ஜனவரியில் கொரிய நடிகர் ஜங் இல்-வூ, கேபிஎஸ் தொலைக்காட்சி நிகழ்ச்சியொன்றில் மக்காவில் லியோங் காம் ஹொன் என்பவரின் கடையில் அடித்த கோப்பியைக் குடித்துவிட்டு, இது டல்கோனா மாதிரி ருசிக்கிறது என்றார். டல்கோனா என்பது சீனியை உருக்கிச் சோடாப்பொடி போட்டுச் செய்கிற கொரியத் தெரு இனிப்பு. 'ஸ்குவிட் கேம்' பார்த்தவர்களுக்கு ஊசியால் சுரண்டுகிற அந்தத் தகடு ஞாபகம் இருக்கும். இரண்டு மாதத்தில் உலகம் வீட்டுக்குள் அடைபட்டது. நேரம் நிறைய இருந்தது, கடைகள் பூட்டிக் கிடந்தன. மூன்று சாமானில் செய்கிற இந்தக் கோப்பி எல்லார் போனிலும் வந்து நின்றது.

பெயர்தான் புதிது. வட இந்திய, பாகிஸ்தானிய வீடுகளில் கரண்டியால் தூளையும் சீனியையும் அடித்துக் கோப்பி போடுவது பழைய வழக்கம். கிரேக்கத்தில் 1957 இல் தெசலோனிக்கி வர்த்தகக் கண்காட்சியில் நெஸ்லே பிரதிநிதி டிமித்ரிஸ் வகோண்டியோஸ், சுடுதண்ணி கிடைக்காததால் தூளைக் குளிர்தண்ணியோடு குலுக்கிக் குடித்ததில் இருந்துதான் ஃபிராப்பே பிறந்தது என்று சொல்லப்படுகிறது. நல்ல எஸ்பிரசோ மெசினுக்கு வழியில்லாத இடங்களில், மலிவான தூளைக் கைப்பலத்தால் அழகாக்கின வழிகள்தான் இவை.

தூளும் கப்ஸ்யூலும்

கரையும் கோப்பியைச் செய்யும் முயற்சிகள் 19ஆம் நூற்றாண்டிலேயே தொடங்கிவிட்டன. நியூசிலாந்தின் டேவிட் ஸ்ட்ராங் 1890 இல் காப்புரிமை எடுத்தார். ஆனால் தூளை உலகம் முழுக்கக் கொண்டுபோனது ஒரு நெருக்கடி. 1929 பொருளாதாரச் சரிவுக்குப் பிறகு பிரேசிலில் கோப்பி விற்க வழியில்லாமல் குவிந்தது. விலையைத் தூக்கி நிறுத்த அரசாங்கமே கோப்பியை எரித்தது, கடலில் கொட்டியது. 1931க்கும் 1944க்கும் இடையில் அழிக்கப்பட்டது ஏறத்தாழ 7 கோடியே 80 இலட்சம் மூடை. அந்த மிச்சத்தைக் கெடாமல் வைத்து விற்க வழி தேடித்தான் பிரேசில் தரப்பு நெஸ்லேயிடம் போனது. வேதியியலாளர் மக்ஸ் மோர்கென்தாலர் பல வருடம் மினக்கெட்டார். 1938 இல் நெஸ்கபே வந்தது. அடுத்த வருடம் யுத்தம். இரண்டாம் உலகப்போரில் அமெரிக்கப் படையினரின் உணவுப்பொதிகளில் இன்ஸ்டன்ட் கோப்பியும் போனது.

கப்ஸ்யூலும் அதே கம்பனிதான். நெஸ்லே பொறியியலாளர் எரிக் ஃபாவ்ர் 1976 இல் காப்புரிமை பெற்ற முறை, 1986 இல் நெஸ்பிரசோவாகச் சந்தைக்கு வந்தது. அமெரிக்காவில் கியூரிக் 1998 இல் வந்தது. அரைக்கிறது, அளக்கிறது, கழுவுறது எல்லாவற்றையும் தொழிற்சாலையே செய்து முடித்து ஒரு மூடிக்குள் அடைத்துத் தருகிறது. மிச்சமாக எங்களிடம் வருவது குப்பை. அலுமினியம், பிளாஸ்டிக், ஈரச்சக்கை மூன்றும் சேர்ந்த குப்பை. 2016 இல் ஜேர்மனியின் ஹம்பர்க் நகர நிர்வாகம், பொதுப்பணத்தில் கோப்பிக் கப்ஸ்யூல் வாங்கக்கூடாது என்று முடிவெடுத்தது.

எங்கட அம்மம்மாமார் கோப்பிக்கொட்டையை வறுத்து, மல்லியும் சுக்கும் சேர்த்து, உரலில் இடித்து, அரித்து எடுத்தார்கள். அந்த வேலை தொழிற்சாலைக்குப் போனது நல்லது என்றுதான் நாங்கள் சொல்வோம். பெண்களின் தோள்மூட்டில் இருந்து ஒரு பாரம் இறங்கியது. ஆனால் வேலை இல்லாமல் போகவில்லை, கண்ணுக்கு எட்டாத இடத்துக்குப் போனது. கோப்பிப்பழம் இன்றைக்கும் உலகின் பெரும்பாலான மலைகளில் கையால்தான் பிடுங்கப்படுகிறது.

மடுல்சீமை, 1869

இப்ப இலங்கைக்கு வருவோம். இன்ஸ்டன்ட் தூளில் பெரும்பங்கு ரொபஸ்டா என்ற கோப்பி இனம். அரபிக்காவை விட மலிவு, கசப்புக் கூட, கரைந்து வரும் பொருளும் கூட. ஆனால் 1860களில் உலகச் சந்தையில் ரொபஸ்டா என்றொன்றே இல்லை. இருந்தது அரபிக்காதான். அதை அதிகமாக விளைவித்த நாடுகளில் ஒன்று இலங்கை.

1815 இல் கண்டி பிரித்தானியரிடம் வீழ்ந்த பிறகு, 1820களில் தேசாதிபதி எட்வேர்ட் பார்ன்ஸ் காலத்தில் கோப்பிக்கு ஊக்கம் கிடைத்தது. 1840களில் அது பைத்தியம் மாதிரிப் பரவியது. மலைக்காடுகள் ஒரே சீராக வெட்டப்பட்டன. 1870 இல் ஏற்றுமதி 10 இலட்சம் அந்தருக்கும் மேல்.

அந்தக் கோப்பியைப் பிடுங்கினது யார்? தமிழ்நாட்டின் வறண்ட மாவட்டங்களில் இருந்து கங்காணிமாரின் பின்னால் வந்தவர்கள். தோணியில் மன்னார்க் கரைக்கு வந்து, அங்கேயிருந்து காட்டுவழியாக மாத்தளை வரை நடந்தார்கள். வாந்திபேதியிலும் காய்ச்சலிலும் பசியிலும் வழியிலேயே விழுந்தவர்கள் ஏராளம். கோப்பி பருவப்பயிர் என்பதால், பழம் பிடுங்கி முடிய அதே வழியால் திரும்பி நடந்தவர்களும் நிறைய. கோப்பிக்காலத் துயரத்தைச் சொல்லும் நாட்டார் பாடல்களை சி.வி. வேலுப்பிள்ளை போன்றவர்கள் திரட்டாமல் விட்டிருந்தால், அவர்களின் குரல் என்று எங்களிடம் இன்று மிகக் கொஞ்சமே மிஞ்சியிருக்கும்.

1869 இல் மடுல்சீமைப் பக்கத் தோட்டமொன்றில் கோப்பி இலையின் அடியில் செம்மஞ்சள் தூள் காணப்பட்டது. பேராதனைப் பூங்காவின் பணிப்பாளர் துவைட்ஸ் அதை இங்கிலாந்துக்கு அனுப்ப, பூஞ்சண நிபுணர் பெர்க்லி அதற்கு 'ஹெமிலேயா வஸ்டாட்ரிக்ஸ்' என்று பெயர் வைத்தார். 'வஸ்டாட்ரிக்ஸ்' என்றால் நாசமாக்குவது. இலைத்துரு நோய். மலைக்கு மலை இடைவெளியில்லாமல் ஒரே பயிர், காற்றைத் தடுக்க மரமுமில்லை. வித்திகள் பறந்துபோக இதைவிட நல்ல வழி வேண்டுமா? 1880களின் நடுப்பகுதிக்குள் இலங்கையின் கோப்பி ஏறக்குறைய முடிந்துவிட்டது. 1884 இல் ஓரியண்டல் வங்கியே விழுந்தது. தோட்டங்கள் தேயிலைக்கு மாறின. தேயிலைக்குப் பருவம் இல்லை, வருசம் முழுக்கக் கொழுந்து எடுக்க வேண்டும். ஆகவே வந்து போனவர்கள் லயங்களில் நிரந்தரமானார்கள். அந்த நிரந்தரத்தைத்தான் 1948 பிரசாவுரிமைச் சட்டம் இல்லையென்றது.

துரு இங்கேயே நிற்கவில்லை. 1876 அளவில் ஜாவாவுக்கும் போனது. அங்கே அரபிக்கா அழிய, ஒல்லாந்தர் 1900 அளவில் ஆபிரிக்காவின் கொங்கோவில் இருந்து வந்த, துருவைத் தாங்கும் ஓர் இனத்தை நட்டார்கள். அதுதான் ரொபஸ்டா. பிறகு அது ஆசியா முழுக்கப் பரவியது. இன்று உலகின் இரண்டாவது பெரிய கோப்பி உற்பத்தி நாடான வியட்நாமில் விளைவதில் பெரும்பகுதி ரொபஸ்டாவே. இன்ஸ்டன்ட் கோப்பி இவ்வளவு மலிவாகக் கிடைப்பதற்கு அந்த ரொபஸ்டா ஒரு முக்கிய காரணம். கரண்டியில் நட்டுக்கொண்டு நிற்கிற நுரைக்கு அடியில், எங்கட மலையில் விழுந்த துருவுக்கும் ஒரு பங்கு இருக்கிறது.

2020 இல் இரண்டு வகைக் கைகள்

டல்கோனா வந்த நேரத்தை யோசித்துப் பாருங்கள். வீட்டில் இருக்க முடிந்தவர்களுக்கு அடிக்கிற வேலை ஒரு பொழுதுபோக்கு. எவ்வளவோ காலமாக மெசினுக்குக் குடுத்த வேலையை ஆசையாகத் திரும்ப வாங்கினோம், வீடியோவும் எடுத்தோம். இதில் பிழை ஒன்றும் இல்லை. அந்தப் பயத்துக்குள் ஒரு கோப்பை இனிப்பு எல்லாருக்கும் தேவைப்பட்டது.

அதே 2020 மார்ச்சில் நாடு முழுக்க ஊரடங்கு. தேயிலைத் தோட்டங்களுக்கு விலக்கு. கொழுந்து எடுக்கிற கைகள் நிற்கவில்லை. அந்த மார்ச் முதலாம் திகதியில் இருந்து 1000 ரூபாய் நாட்சம்பளம் என்று அரசாங்கம் அறிவித்திருந்தது. அது வர்த்தமானியில் வர 2021 மார்ச் ஆனது. ஒரே ஊரடங்குக்குள் ஒரு பக்கத்துக் கையுழைப்பு டிரெண்ட் ஆனது, இன்னொரு பக்கத்துக் கையுழைப்பு ஒரு வருசம் காத்துக்கிடந்தது.

2023 இல், மலையக மக்கள் வந்து 200 ஆண்டு ஆனதை நினைவுகூர்ந்து, தலைமன்னாரில் இருந்து மாத்தளை வரை ஒரு நடைபயணம் போனது. முன்னோர் நடந்த அதே திசை. அவர்கள் கேட்டதில் காணி, வீடு, நியாயமான சம்பளம், சமமான பிரசாவுரிமை எல்லாம் இருந்தன. எங்கட பாடப்புத்தகங்களில் கோப்பி ஒரு பயிராகவும் பார்ன்ஸ் ஒரு பெயராகவும் வந்து போகிறார்கள். நடந்தவர்கள் ஒரு வசனத்தோடு முடிந்துவிடுகிறார்கள்.

அந்த ஒரு வசனத்தைக் கொஞ்சம் நீட்ட வேண்டும் என்பதுதான் எங்கட எண்ணம். உங்கட வீட்டில் கோப்பிக்காலம் பற்றிக் கேட்ட கதை, பாட்டு, பாட்டனார் நடந்த வழியில் ஓர் ஊர்ப்பெயர் என்று எது இருந்தாலும் எங்களுக்கு எழுதி அனுப்புங்கள். மூத்தவர்களிடம் கேட்பதென்றால் இப்பவே கேளுங்கள். கோப்பி ஒன்று போட்டுக் குடுத்துக் கேட்டால் இன்னும் நல்லம், அடிச்சதெண்டாலும் சரி, அடிக்காததெண்டாலும் சரி.