பிழைப்பாக இருந்து பொழுதுபோக்கான பின்னல்

ரொறன்ரோவில் வாழும் என் அக்காவின் மகள் கடந்த மார்கழியில் தொலைபேசியில் பேசியபோது, தான் கம்பளி நூலில் பின்னப் பழகுவதாகச் சொன்னாள். வேலை முடிந்து வீடு வந்தால் வெளியே பனி. உள்ளே கைபேசியை விட்டால் வேறு துணையில்லை. கைக்கு ஒரு வேலை வேண்டுமென்று இரண்டு ஊசிகளும் ஓர் உருண்டை நூலும் வாங்கினாளாம். ஒரு கழுத்துச் சால்வை அரைவாசி முடிந்துவிட்டதாம்.

"மாமா, இதை ஆர் முதலிலை கண்டுபிடிச்சது? நீங்கள் பேப்பர்காரர்தானே, பாத்துச் சொல்லுங்கோ" என்றாள்.

பாத்துச் சொல்கிறேன் என்றேன். அந்தப் பதில்தான் இது. அதில் அவள் கேட்காத ஒரு செய்தியும் உண்டு.

முதலில் ஒரு வேறுபாட்டைச் சொல்லவேண்டும். நெசவு என்பது பாவும் ஊடுமாக இரண்டு திசை நூல்கள் சேர்வது. அதற்குத் தறி வேண்டும். தறிக்கு இடம் வேண்டும். பின்னலில் ஒரே நூல்தான். ஒரு கண்ணிக்குள்ளால் இன்னொரு கண்ணியை இழுத்து வரிசை வரிசையாக வளர்ப்பார்கள். வேலை செய்துகொண்டிருப்பவர் எழுந்து நடக்கலாம். வேண்டாமென்றால் நுனியைப் பிடித்து இழுத்து முழுவதையும் மீண்டும் நூலாக்கிவிடலாம். இதன் வரலாறு முழுவதும் இந்த இயல்புகளிலேயே தங்கியிருக்கிறது.

கண்டுபிடித்தவர் பெயர் எந்த ஏட்டிலும் இல்லை. எகிப்தில் கிடைத்த, இஸ்லாமிய ஆட்சிக் காலத்தைச் சேர்ந்த நீலமும் வெள்ளையுமான பருத்திக் காலுறைகள் மிகப் பழைய சான்றுகளுள் அடங்கும். ஸ்பெயினின் பேர்கோஸ் நகர மடாலயத்தில் 1275ஆம் ஆண்டில் அடக்கம் செய்யப்பட்ட இளவரசர் பெர்னாண்டோவின் கல்லறையில் பட்டு நூலில் பின்னிய தலையணை உறைகள் இருந்தன. 1400ஆம் ஆண்டளவில் ஜேர்மனியில் தீட்டப்பட்ட ஓர் ஆலய ஓவியத்தில், அன்னை மரியாள் நான்கு ஊசிகளைக் கொண்டு குழந்தை இயேசுவுக்குச் சட்டை பின்னிக்கொண்டிருக்கிறார்.

நம் நாட்டுக்கும் இதில் ஒரு சிறு தொடர்பு உண்டு. காலுறையை நாம் 'மேஸ்' என்கிறோம்; அது போர்த்துக்கேயரின் 'மெயாஸ்'. சட்டை விளிம்பில் தைக்கும் 'ரேந்தை'யும் அவர்களுடைய 'ரெண்டா'தான். பொருளைக் கொண்டுவந்தவர்கள் போய்விட்டார்கள். சொல் நம் வாயில் தங்கிவிட்டது.

ஐரோப்பாவில் பின்னல் நெடுங்காலம் பொழுதுபோக்காக இருக்கவில்லை. அது ஏழைகளின் சோறு. ஸ்கொட்லாந்துக்கு வடக்கே உள்ள ஷெட்லாந்துத் தீவுகளின் பழைய புகைப்படங்களைப் பார்த்தால் இது விளங்கும். விறகுக்குப் பதிலாக எரிக்கும் சதுப்பு மண் கட்டிகளைக் கூடையில் சுமந்துகொண்டு பெண்கள் நடக்கிறார்கள். முதுகில் சுமை, இரண்டு கைகளும் பின்னுகின்றன. அப்படிப் பின்னியதற்கு வணிகர்கள் காசு கொடுப்பதில்லை, தங்கள் கடைச் சாமான்களையே கொடுத்தார்கள். இந்த முறைகேட்டைப் பற்றி 1872இல் அரசாங்க விசாரணையே நடந்தது.

இங்கிலாந்தின் நொட்டிங்ஹாம் பகுதியைச் சேர்ந்த வில்லியம் லீ 1589இல் காலுறை பின்னும் இயந்திரம் ஒன்றை உருவாக்கினார். முதலாம் எலிசபெத் அரசியார் அதற்கு உரிமம் வழங்க மறுத்தார். கையால் பின்னிப் பிழைக்கும் ஏழைகள் பிச்சையெடுக்க நேரும் என்று அரசியார் அஞ்சியதாக வழிவழியாகச் சொல்லப்படுகிறது. லீ பிரான்சுக்குப் போனார். அங்கும் அவருக்கு வாழ்வு கிடைக்கவில்லை. ஆனால் இயந்திரம் பிழைத்துக்கொண்டது. இருநூறு ஆண்டுகளின் பின்னர் அதே நொட்டிங்ஹாமில், அந்த இயந்திரத்தை நம்பியே வாழ்ந்த தொழிலாளர், கூலிக் குறைப்பும் மட்டமான உற்பத்தியும் தாங்காமல் 1811இல் இயந்திரங்களை உடைக்கத் தொடங்கினர். உடைப்பவருக்கு மரண தண்டனை என்று 1812இல் சட்டம் வந்தது. கவிஞர் பைரன் பிரபுக்கள் சபையில் தமது கன்னியுரையை அந்தச் சட்டமூலத்துக்கு எதிராகவே ஆற்றினார். இன்று திருப்பூரில் ஓடும் பனியன் இயந்திரங்கள் லீயின் இயந்திரத்தின் தூரத்து வாரிசுகள். நாம் அணியும் ரீசேட்டும் நெய்த துணியல்ல, பின்னிய துணிதான்.

இயந்திரம் பிழைப்பைப் பறித்த பின்னர்தான் கைப்பின்னல் வசதியுள்ள வீட்டுப் பெண்களின் பொழுதுபோக்காக மாறியது. 1840களில் பிரித்தானியாவில் அதற்கான வழிகாட்டி நூல்கள் பெருமளவில் அச்சாகத் தொடங்கின. ஏழை வயிற்றுக்காகச் செய்ததைச் செல்வர் மனத்துக்காகச் செய்தனர்.

ஆனால் போர் வந்தபோதெல்லாம் இந்தப் பொழுதுபோக்கு மீண்டும் தேவையாயிற்று. 1914இல் போர்முனையில் நிற்கும் படையினருக்காக மூன்று இலட்சம் சோடி காலுறைகள் வேண்டுமென்று மேரி அரசியார் பிரித்தானியப் பெண்களைக் கேட்டார். இரண்டாம் உலகப் போரில், 1941ஆம் ஆண்டு யூன் மாதம் முதல் அங்கே உடுப்புக்குப் பங்கீடு வந்தது. பழைய சுவெட்டர்களைப் பிரித்து, அந்த நூலைக் கழுவி, பிள்ளைகளுக்குப் புதிதாகப் பின்னினார்கள். 1944இல் நோர்மண்டியில் பரசூட்டில் இறங்கிய பிரித்தானிய உளவாளி பிலிஸ் லத்தூர், இரகசியக் குறியீடுகள் எழுதிய பட்டுத் துணியைப் பின்னல் ஊசியில் சுற்றித் தலைமுடிக் கட்டுக்குள் மறைத்து வைத்திருந்தார். அவர் 2023இல், 102ஆவது வயதில்தான் மறைந்தார்.

இவற்றை வாசித்தபோது என் நினைவு இங்கிலாந்தில் நிற்கவில்லை. இனி நான் எழுதுவது மருமகள் கேட்காத செய்தி.

என் தந்தையார் நுவரெலியாவில் எழுதுவினைஞராகப் பணியாற்றியவர். 1983 யூலைக்குப் பின்னர் நாங்கள் யாழ்ப்பாணம் திரும்பியபோது கொண்டுவந்த சிலவற்றுள் அவருடைய சாம்பல்நிறச் சுவெட்டரும் ஒன்று. அவர் காலமான பின்னர் அது பெட்டிக்குள் கிடந்தது. 1990 யூனில் மீண்டும் போர் மூண்டது. மின்சாரம் நின்றது. மண்ணெண்ணெய் தட்டுப்பாடு. ஜாம் போத்தலுக்குள் கொஞ்சம் பஞ்சும் எண்ணெயும் விட்டு எரிக்கும் விளக்குத்தான் வெளிச்சம். கொழும்புக்குப் போன தம்பியிடமிருந்து மாதக்கணக்காகக் கடிதமில்லை.

ஒருநாள் இரவு அம்மா அந்தச் சுவெட்டரை எடுத்துப் பிரிக்கத் தொடங்கினார். என் இரண்டு கைகளையும் நீட்டச் சொல்லி, நூலை அவற்றில் சுற்றினார். பின்னல் ஊசி கடையில் இல்லை. பழைய சைக்கிள் கம்பிகளை வெட்டி, முனையைக் கல்லில் தேய்த்து எடுத்தார். பிறகு தினமும் அந்த விளக்கடியில் பச்சைக் குழந்தைகளுக்கான தொப்பிகள் பின்னினார்.

நான் அப்போது இளம் செய்தியாளன். செய்தி எழுத எண்ணெய் வேண்டும் என்ற கோபம் எனக்கு. "இந்த வெக்கையுக்கை கம்பளித் தொப்பி ஆருக்கு? எண்ணெய்தான் வீண்" என்று ஒருநாள் கத்திவிட்டேன்.

அம்மா தலை நிமிரவில்லை. "கை சும்மா இருந்தால் மனம் கண்ட இடத்துக்கும் போகுதடா" என்றார்.

தம்பியின் கடிதம் ஏழு மாதங்களின் பின்னர் வந்தது. அதுவரை எத்தனை தொப்பிகள் முடிந்தன என்று நான் எண்ணவில்லை. மாரி மழையில், இடம்பெயர்ந்தோர் தங்கியிருந்த பாடசாலைக் கட்டடத்தில், சாம்பல்நிறத் தொப்பி போட்ட ஒரு குழந்தையைச் செய்தி சேகரிக்கப் போனபோது கண்டேன். அந்தச் செய்தியில் அதை நான் எழுதவில்லை. 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு வலிகாமமே எழுந்து நடந்தபோது அம்மாவின் பைக்குள் அரைகுறையான ஒரு தொப்பியும் அந்த ஊசிகளும் இருந்தன.

பின்னல் பொழுதுபோக்கா, தொழிலா என்று ஆய்வாளர்கள் எழுதட்டும். காத்திருக்கவேண்டி வந்தவர்களின் கைகளுக்கு அது மீண்டும் மீண்டும் வந்து சேர்ந்திருக்கிறது என்பதே நான் கண்டது. 2020இல் நோய்த்தொற்று உலகை வீட்டுக்குள் பூட்டியபோதும் பலர் ஊசியை எடுத்தார்கள். 2021இல் டோக்கியோ ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற பிரித்தானிய நீச்சல்குள வீரர் டொம் டேலி, பார்வையாளர் இருக்கையில் அமர்ந்து பின்னிக்கொண்டிருந்ததை உலகம் வியப்போடு பார்த்தது. எனக்கு அதில் வியப்பில்லை.

அம்மா 2011இல் காலமானார். ஊசிகள் என் மேசை இழுப்பறையில் இருக்கின்றன, சற்றுத் துருப்பிடித்திருக்கின்றன. அடுத்த மாதம் ரொறன்ரோ போகும் நண்பர் ஒருவரிடம் கொடுத்துவிடப் போகிறேன். சைக்கிள் கம்பி எதற்கென்று விமான நிலையத்தில் கேட்டால் என்ன சொல்வது என்று அவர் கேட்கிறார்.

அம்மம்மாவின் ஊசி என்று சொல்லுங்கோ என்றிருக்கிறேன்.