வட கரேலியாவின் இருதய நோய்த் தடுப்பியக்கம்: ஒரு சமூக வரலாற்று நோக்கு

பின்லாந்து என்றதும் இலக்கிய மாணவர்க்கு முதலில் நினைவில் எழுவது 'கலேவலா' என்னும் காப்பியமே. இலங்கையரான உதயணன் (ஆர். சிவலிங்கம்) 1994ஆம் ஆண்டில் அதனைத் தமிழில் தந்தபின் அந்நாட்டின் பாடுபொருளும் பண்பாடும் நம்மவர்க்கு முற்றிலும் அந்நியமானவை அல்ல. ஆயின் அக்காப்பியத்தை நாட்டார் பாடல்களிலிருந்து தொகுத்து 1835இலும், விரித்து 1849இலும் வெளியிட்ட எலியாஸ் லொன்றொத் (1802-1884) தொழிலால் ஒரு வைத்தியர் என்பது நம்மிடையே போதிய அளவு கவனிக்கப்படவில்லை. இலக்கிய ஆய்வாளன் ஒருவன் இருதய நோயைப் பற்றி எழுதப் புகுவதற்கு இதனையே நியாயமாகக் காட்டலாம்.

ஏழைத் தையற்காரர் ஒருவரின் மகனான லொன்றொத், 1833 முதல் இருபது ஆண்டுக் காலம் கயானி என்னும் பின்தங்கிய பிரதேசத்தின் மாவட்ட வைத்தியராகக் கடமையாற்றினார். பஞ்சமும் கொள்ளை நோயும் மாறிமாறி வந்த காலம் அது. விளைச்சல் பொய்த்த ஆண்டுகளில் எவற்றை எங்ஙனம் உண்டு உயிர் தரிக்கலாம் என்று விளக்கும் கைந்நூல் ஒன்றினை அவர் 1834இல் பின்னிய மொழியில் வெளியிட்டார். 1839இல் குடியானவர்க்கான வீட்டு வைத்திய நூல் ஒன்றையும் எழுதினார். அறிவு பரவினால் நோய் குறையும் என்பது அவர்தம் நம்பிக்கை. மனிதாபிமானம் மிக்க நம்பிக்கைதான். எனினும் 1866-68 பெரும் பஞ்சத்தில் அந்நாட்டு மக்களுள் ஏறத்தாழ நூற்றுக்கு எண்மர் மாண்டபொழுது கைந்நூல்களால் ஆகக்கூடியது எவ்வளவு என்பது தெரிந்துவிட்டது. நிலமற்றோரே அப்பஞ்சத்திற் பெரிதும் இரையாயினர்.

ஒரு நூற்றாண்டின் பின்னர் அதே கிழக்குப் பின்லாந்தில் மக்கள் மாண்டது பசியினால் அன்று. இலொமன்சி என்னும் ஊரை எடுத்துக்கொள்வோம். 1838இல் மத்தேலி குய்வாலத்தார் என்ற கிராமியப் பாடகி தமது பாடல்களை லொன்றொத்துக்குப் பாடிக் கொடுத்த இடம் இலொமன்சிப் பகுதியே. 1959இல் அதே இலொமன்சி ஆடவர் வேறோர் ஆய்வுக்கு உட்படுத்தப்பட்டனர். அமெரிக்க விஞ்ஞானி அன்செல் கீஸ் தலைமையில் நடைபெற்ற 'ஏழு நாடுகள் ஆய்வு' பின்லாந்தின் கிழக்கிலும் மேற்கிலுமாக இரு பகுதிகளைத் தேர்ந்திருந்தது. கிழக்குக்குத் தேர்ந்தது இலொமன்சியை. அங்கு நடு வயது ஆடவரின் இருதய நோய் இறப்பு, ஆராயப்பட்ட பகுதிகள் அனைத்திலும் உச்சத்தில் நின்றது.

இங்கு ஒரு பொதுக் கருத்தைக் களைதல் அவசியம். இருதய நோய் செல்வரின் நோய், உடல் வருந்தாதோரின் நோய் என்று கருதுதல் அக்காலத்து வழக்கு. இலொமன்சி ஆடவரோ சிறு விவசாயிகள். மாரியில் உறைபனி மூடிய காடுகளில் மரந் தறித்தவர்கள். அவர்தம் உடலுழைப்புக்கு ஈடு சொல்வது கடினம். உழைப்பு அவர்களைக் காக்கவில்லை. ஐம்பதை எட்டுமுன் கணவரை இழந்த பெண்கள் ஊர்தோறும் இருந்தனர்.

அவ்வாறாயின் காரணம் யாது? மருத்துவர் கூறும் விடை சுருக்கமானது: வெண்ணெய், கொழுப்பு நீக்காத பால், உப்பு, சிகரெட். அவ்விடை சரியானதே. ஆனால் ஒரு மக்கட் கூட்டம் ஏன் வெண்ணெயை அவ்வளவு உண்டது என்ற வினாவுக்கு உணவு மேசையில் விடை கிடையாது. பொருளுற்பத்தி வரலாற்றிலேயே அதனைத் தேடவேண்டும்.

இரண்டாம் உலகப் போரின் முடிவில் பின்லாந்து கரேலியாவின் பெரும் பகுதியைச் சோவியத் ஒன்றியத்திடம் இழந்தது. நான்கு இலட்சத்துக்கு மேற்பட்டோர் அங்கிருந்து பெயர்ந்து வந்தனர். அவர்களுக்கும் போரிலிருந்து மீண்ட படைவீரர்களுக்கும் 1945ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் காணி பகிர்ந்தளிக்கப்பட்டது. நிலச்சீர்திருத்தம் என்ற வகையில் இது முற்போக்கானது என்பதில் ஐயமில்லை. ஆயினும் ஆளும் வர்க்கத்தினர் இதில் கண்ட பயனையும் மறத்தலாகாது. காணி பெற்ற ஏழை புரட்சியை நாடான் என்பது அவர்தம் கணிப்பு. (அக்கணிப்பு முற்றிலும் பலிக்கவில்லை. கிழக்கு, வடக்குக் காட்டுப்புறங்களிற் கம்யூனிஸ்டுகளுக்கு வாக்குப் பெருகியது. சமூகவியலாளர் அதற்குக் 'காட்டுப்புறக் கம்யூனிசம்' எனத் தனிப் பெயரே இட்டனர்.)

அவ்வாறு உருவான சிறு பண்ணைகளின் கல் நிறைந்த குளிர் நிலத்தில் தானியம் செழிப்பதில்லை, புல் செழிக்கும். ஆகவே பசு. சில பசுக்களின் பாலும் காட்டு வேலைக் கூலியுமே குடும்பத்தின் வருவாய். பால்பண்ணை கொழுப்பை அளந்தே பாலுக்கு விலை கொடுத்தது. கொழுப்பு ஆங்கே உணவு மாத்திரமன்று, அதுவே பணம். பஞ்சத்தையும் போர்க்காலப் பங்கீட்டையும் அனுபவித்த தலைமுறைக்குப் பாணின்மீது தடித்துப் பூசிய வெண்ணெய், துன்பம் கடந்துவிட்டது என்பதன் அடையாளம். அதனை 'அறியாமை' என்று பெயரிடுவது வரலாறறியாமை.

1960களில் இவ்வமைப்பு தன் முரண்பாட்டை அடைந்தது. இயந்திர வாள் காட்டுக் கூலியைப் பறித்தது. அரசு விலையாதரவு அளித்தமையால் வெண்ணெய் மலையெனக் குவிந்தது. 1969இல் வயலைத் தரிசாக விடுவதற்கே அரசு விவசாயிக்குப் பணம் கொடுக்கத் தொடங்கியது. இரு தசாப்தங்களுக்கு முன் காடு வெட்டிக் கழனி திருத்தியவனுக்கு அது எத்தகைய அவமதிப்பாகத் தோன்றியிருக்கும் என்பதை விவரித்தல் வேண்டா. 1969, 1970 ஆகிய இரு ஆண்டுகளில் மாத்திரம் சுவீடனுக்குக் குடிபெயர்ந்த பின்லாந்தினர் 80,000 வரையினர்.

இப்பின்னணியிலேயே 1971 ஜனவரி மாத விண்ணப்பத்தை நோக்குதல் தகும். வட கரேலியா மாகாண ஆளுநர் எசா திமொனென், மாகாணத்தின் பாராளுமன்ற உறுப்பினர்கள், பல்வேறு அமைப்புகளின் பிரதிநிதிகள் ஆகியோர் இருதய நோயைத் தடுக்க உதவுமாறு அரசைக் கோரினர். கட்சி பேதமின்றிக் கையொப்பமிட்டனர் என்பது மனங்கொள்ளத்தக்கது. புறக்கணிக்கப்பட்ட மாகாணம் ஒன்று, தன் பிணங்களை எண்ணிக் காட்டி மத்திய அரசிடம் நியாயம் கேட்டது என்றே இதனைக் கொள்ளல் வேண்டும். கேட்டற்கேற்ற காலமும் அதுவே. 1966 முதல் இடதுசாரிகள் பங்குகொண்ட அரசுகள் சமூகநலச் சீர்திருத்தங்களை முன்னெடுத்திருந்தன. ஊராட்சிகள்தோறும் சுகாதார நிலையங்களை அமைக்கும் சட்டம் 1972இல் நடைமுறைக்கு வந்தது. இந்நிலையங்கள் இல்லையேல் பின் நிகழ்ந்த எதுவும் நிகழ்ந்திராது.

1972இல் திட்டம் தொடங்கியது. அதன் தலைவராயமைந்த பெக்கா புஸ்காவுக்கு வயது 27. மருத்துவத்தோடு சமூக விஞ்ஞானமும் பயின்றவர் அவர். தொடக்க அளவீட்டில் ஆடவருட் பாதிக்கு மேற்பட்டோர் (52 சதவீதம்) புகைப்பவராயிருந்தனர். குருதியிற் கொலஸ்ட்ரோலின் சராசரி லீற்றருக்கு 6.9 மில்லிமோல். சராசரியே இவ்வாறிருக்குமிடத்து நோயாளர் சிலரைத் தெரிந்தெடுத்துச் சிகிச்சை அளிப்பதனால் ஆவது சொற்பம். முழுச் சமுதாயமும் மாறவேண்டும் என்ற முடிவுக்கு அவர்கள் வந்தனர். தனிமனிதரை விடுத்துச் சமுதாயத்தையே நோயின் அலகாகக் கொண்ட இம்முடிவே திட்டத்தின் தத்துவ அடிப்படை எனலாம்.

நடைமுறையில் அதனைத் தாங்கியவர்கள் பெரும்பாலும் பெண்கள். 1899இல் நிறுவப்பட்ட மார்த்தா என்னும் இல்லத்தரசியர் அமைப்பினர் ஊர் ஊராக 'நீடு வாழும் மாலை' என்ற பெயரிற் கூடிச் சமைத்தனர். மரபான இறைச்சிக் குழம்பில் கொழுப்பைக் குறைத்து மரக்கறியைக் கூட்டினர். ஊரவர் கூடி உண்டு பார்த்தனர். தாதியர் குருதியமுக்கத்தை அளந்து பதிவேடு பேணினர். இறைச்சிப் பதனிடுவோர் ஒருவர் கொழுப்புக்குப் பதிலாகக் காளானைச் சேர்க்கவும் இசைந்தார். இவற்றையெல்லாம் அற்பமெனத் தள்ளும் மனப்பான்மை நம் முற்போக்காளரிடையே உண்டு. 'வாழ்க்கைமுறை' என்ற சொல்லைக் கேட்டவுடன் அது முதலாளித்துவத்தின் சூழ்ச்சி என்று முடிவுகட்டுவோரை நான் கூறுகிறேன்.

அவர்தம் ஐயத்துக்கு ஆதாரமில்லாமலில்லை. கனடாவில் 1974இல் வெளிவந்த லலொன்ட் அறிக்கைக்குப் பின்னர், நோய்க்கு நோயாளியின் பழக்கங்களே பொறுப்பு என்ற கருத்து மேலை நாடுகளில் வலுப்பெற்றது. அரசு செலவைக் குறைப்பதற்கு அது வசதியான கருத்து. பாதிக்கப்பட்டவன்மீதே பழிசுமத்தும் இச்சித்தாந்தத்தை அமெரிக்கரான றொபட் குறோபோட் 1977இலேயே அம்பலப்படுத்தினார். ஆயின் வட கரேலியாவிற் பழி விவசாயிமீது சுமத்தப்படவில்லை. மோதல் நிகழ்ந்தது உற்பத்தி நலன்களோடு. பாற்பொருள் உற்பத்தித் துறையினர் திட்டத்தைக் கடுமையாக எதிர்த்தனர். வெண்ணெய் நல்லதென்று விளம்பரங்கள் வெளிவந்தன. இவ்வெதிர்ப்பைப் பேராசை என்று மாத்திரம் விளக்குவது போதாது. பசுவையே நம்பியிருந்த சிறு விவசாயிக்கு 'வெண்ணெய் உண்ணாதே' என்ற அறிவுரை, 'பிழைக்காதே' என்றே ஒலித்திருக்கும். மனைவி மார்த்தா கூட்டத்திற் கற்று வந்தது கணவனின் பால் விலையைக் குறைப்பதாயிருந்தது. ஒரே குடிலில் இருந்த முரண்பாடு இது.

திட்டத்தினர் இதனைக் காலந்தாழ்த்தியேனும் உணர்ந்தனர். 1980களின் நடுப்பகுதியில், பால் விவசாயிகள் கறுப்புத் திராட்சையினப் பழங்கள், ஸ்ரோபெரி முதலியவற்றைப் பயிரிட்டு மாற்று வருவாய் தேடிக்கொள்ள அரசுத் துணையுடன் ஒரு முயற்சி மேற்கொள்ளப்பட்டது. வடபுலக் காலநிலையைத் தாங்கும் எண்ணெய்வித்து இனம் ஒன்று பரவ, உள்நாட்டுத் தாவர எண்ணெய் வெண்ணெயின் இடத்தைப் பிடித்தது. பாலுக்கு விலை நிர்ணயிக்கும்பொழுது கொழுப்பினும் புரதத்துக்கு மதிப்பு ஏறலாயிற்று. புகையிலை விளம்பரத்தைத் தடைசெய்யும் சட்டமும் 1976இல் நிறைவேறியிருந்தது. புகையிலை வரியில் ஒரு சிறு பங்கைச் சுகாதாரப் பணிக்கென ஒதுக்கியமை அதன் சிறப்பு. உணவுப் பழக்கத்தில் நிலைத்த மாற்றம் ஏற்பட்டது அறிவுரையும் சட்டமும் விலையும் ஒருங்கிணைந்த பொழுதே.

விளைவு வியக்கத்தக்கது. 35-64 வயது ஆடவரின் இருதய நோய் இறப்பு வீதம் 1969-71 காலப்பகுதியிலிருந்து 2006 வரையில் வட கரேலியாவில் ஏறத்தாழ 85 சதவீதம் வீழ்ந்தது. முழு நாட்டிலும் 80 சதவீத வீழ்ச்சி. இவ்விரண்டாவது எண்ணே விவாதத்துக்கும் இடமளித்தது. ஒப்பீட்டுக்கென விடப்பட்ட அயல் மாகாணமான குவொப்பியோவிலும் இறப்புக் குறைந்ததே, அவ்வாறெனில் திட்டத்தின் பங்கு எவ்வளவு என விமர்சகர் வினவினர். புள்ளிவிபர நோக்கில் நியாயமான வினா. ஆயினும் சட்டமும் வானொலியும் தொலைக்காட்சியும் மாகாண எல்லையில் நின்றுவிடுவதில்லை. 1977இன் பின் இயக்கம் தேசியமயமாயிற்று. சமுதாய மாற்றத்தை ஆய்வுகூடக் குடுவையில் அடைத்து அளக்க முயல்வதன் இடர்ப்பாடு இது.

எனக்குப் பெரிதாகத் தோன்றும் குறை வேறு. இறப்பு எல்லா வர்க்கத்தாரிடையேயும் குறைந்தது; ஆனால் ஒரே அளவிற் குறையவில்லை. உயர்நிலை ஊழியர் முந்திக்கொண்டனர்; உடலுழைப்பாளர் பின்தங்கினர்; ஒப்பீட்டளவில் இடைவெளி அகன்றது. 1990களின் தொடக்கத்தில் சோவியத் ஒன்றியத்துடனான வர்த்தகம் நொறுங்கிப் பின்லாந்து பெரும் பொருளாதார நெருக்கடிக்குள் வீழ்ந்தபொழுது, வேலையின்மை கடுமையாகத் தாக்கிய மாகாணங்களுள் வட கரேலியாவும் ஒன்று. திட்டம் 1997இல், இருபத்தைந்து ஆண்டுகளின் பின், முறைப்படி நிறைவுற்றது. அப்பொழுது இலொமன்சியில் மாரடைப்பால் மாளும் இளம் கணவர் அரிதாயினர். மாளாதிருந்தோருட் பலர்க்கு ஊரில் வேலை இல்லை. பிள்ளைகள் தெற்கு நோக்கிப் போய்க்கொண்டிருந்தனர்.