ஆசிரியர் கையில் ஆயுதம்: அமெரிக்கப் பள்ளிப் பாதுகாப்பு விவாதத்தின் அடிப்படை குறித்து ஒரு மறுபரிசீலனை

2018 பிப்ரவரி 14 அன்று புளோரிடா மாநிலம் பார்க்லாண்டில் உள்ள மார்ஜரி ஸ்டோன்மன் டக்ளஸ் உயர்நிலைப் பள்ளியில் முன்னாள் மாணவர் ஒருவர் 17 பேரைச் சுட்டுக் கொன்றார். ஆயுதம் தாங்கிய காவலர் ஒருவர் அப்போது பள்ளி வளாகத்தில் இருந்தார். துப்பாக்கிச் சூடு நடந்த கட்டடத்துக்குள் அவர் நுழையவில்லை. நிகழ்வை ஆராய்ந்த மாநில ஆணையம், விருப்பமும் பயிற்சியும் உள்ள ஆசிரியர்கள் துப்பாக்கி வைத்திருக்க அனுமதிக்கலாம் என்று 2019 தொடக்கத்தில் வெளியிட்ட அறிக்கையில் பரிந்துரைத்தது. காவலையே தொழிலாகக் கொண்டவர் செய்யாததை, கற்பித்தலைத் தொழிலாகக் கொண்டவர் செய்வார் என்ற எதிர்பார்ப்பு இப்பரிந்துரையில் அடங்கியுள்ளது.

அந்த எதிர்பார்ப்பு எந்த அளவுக்குச் சரி என்பதே இக்கட்டுரையின் கேள்வி. ஆசிரியருக்கு ஆயுதம் வழங்கும் கொள்கை, தாக்குபவரை வெளியிலிருந்து வரும் பகைவராகக் கருதுகிறது. நடந்தவற்றைப் பார்த்தால் அவர் பெரும்பாலும் அதே பள்ளியில் பயின்றவர். ஆகவே இக்கொள்கை தாக்குதலின் கடைசி நிமிடங்களுக்கு ஒரு கருவியைத் தரும் முயற்சியில், அதற்கு முந்தைய மாதங்களில் ஆசிரியருக்கு இருக்கும் பெரிய வலிமையைப் பலவீனப்படுத்துகிறது என்பதே இங்கு முன்வைக்கப்படும் வாதம்.

ஆதரவு வாதத்தின் வலு

ஆதரவாளர்களின் வாதத்தை எளிதில் புறந்தள்ள இயலாது. கனெக்டிகட் மாநிலத்தின் சாண்டி ஹூக் தொடக்கப் பள்ளியில் 2012 டிசம்பர் 14 அன்று 20 குழந்தைகளும் 6 பெரியவர்களும் கொல்லப்பட்டனர். முதல் அவசர அழைப்புக்குப் பின் ஏறத்தாழ ஐந்தே நிமிடங்களில், காவல்துறை உள்ளே நுழையும் முன்பே, எல்லாம் முடிந்துவிட்டது. அந்த ஐந்து நிமிடங்களில் குழந்தைகளுடன் இருந்தவர்கள் ஆசிரியர்கள் மட்டுமே. அவர்கள் வெறுங்கையோடு சாக வேண்டுமா என்ற கேள்வி அங்கிருந்தே எழுகிறது.

ஊர்ப்புறப் பள்ளிகளுக்கு இக்கேள்வி இன்னும் கூர்மையானது. டெக்சாஸின் ஹாரல்ட் என்னும் சிற்றூர்ப் பள்ளி 2007இலேயே பணியாளர்கள் ஆயுதம் வைத்திருக்க அனுமதித்தது. காவல் உதவி தொலைவில் இருப்பதே அதற்குக் கூறப்பட்ட காரணம். மிசிசிப்பியின் பேர்ல் நகரில் 1997இல் இரு மாணவிகளைக் கொன்றுவிட்டு வெளியேறிய மாணவரை, துணைத் தலைமையாசிரியர் தம் வண்டியில் இருந்த கைத்துப்பாக்கியைக் காட்டித் தடுத்து நிறுத்தியதும் வரலாறு.

சட்டங்களும் இவ்வழியே நகர்ந்துள்ளன. டெக்சாஸ் 2013இல் 80 மணி நேரப் பயிற்சியுடன் ஒரு திட்டத்தைத் தொடங்கியது. ஒகையோவில் ஆயுதம் ஏந்தும் பள்ளிப் பணியாளருக்குக் காவலருக்குரிய 700 மணி நேரத்துக்கும் மேற்பட்ட பயிற்சி வேண்டும் என்று அம்மாநில உச்ச நீதிமன்றம் 2021இல் தீர்ப்பளித்தது. மறு ஆண்டே சட்டமன்றம், மாநிலம் கட்டாயமாக்கும் தொடக்கப் பயிற்சி 24 மணி நேரத்துக்கு மிகாது என்று சட்டத்தை மாற்றியது. நாஷ்வில் பள்ளியில் 2023இல் ஆறு பேர் கொல்லப்பட்டதற்கு அடுத்த ஆண்டு டென்னசி மாநிலமும் ஆசிரியர்களுக்கு ஆயுத அனுமதி வழங்கியது.

கடைசி நிமிடத்தின் கணக்கு

ஆதரவாளர்களின் வாதம் இரண்டு கருதுகோள்களைச் சார்ந்து நிற்கிறது: ஆயுதம் இருப்பது தெரிந்தால் தாக்குபவர் தயங்குவார், தயங்காவிட்டால் ஆசிரியர் அவரை வீழ்த்துவார்.

முதல் கருதுகோளைச் சான்றுகள் தாங்கவில்லை. 1980 முதல் 2019 வரையிலான 133 பள்ளித் துப்பாக்கிச் சூட்டு நிகழ்வுகளை ஆராய்ந்து பீட்டர்சன், டென்ஸ்லி, எரிக்சன் ஆகியோர் 2021இல் வெளியிட்ட ஆய்வு, ஆயுதக் காவலர் இருந்த பள்ளிகளில் உயிரிழப்பு வீதம் 2.83 மடங்கு அதிகம் எனக் கண்டது. காவலர் இருந்ததால்தான் இழப்பு கூடியது என்று இதிலிருந்து முடிவுகட்டக் கூடாது. இடர் மிகுந்த பள்ளிகளே காவலரை நியமித்திருக்கலாம். ஆனால் காவலர் இருப்பதே அச்சம் தரும் என்ற கூற்றுக்கு இத்தரவு துணை நிற்கவில்லை என்பது உறுதி. தாக்குபவர்களில் பலர் சாகத் துணிந்தே வருகிறார்கள். உயிரை ஒரு பொருட்டாக மதியாதவரை உயிர்பயத்தால் தடுக்க இயலாது.

இரண்டாவது கருதுகோளின் நிலையும் அதுவே. நியூயார்க் நகரக் காவல்துறையைப் பற்றி ராண்ட் நிறுவனம் 2008இல் வெளியிட்ட ஆய்வின்படி, எதிரியும் சுடும் மோதல்களில் காவலர்களின் குறி தப்பாத வீதம் 18 விழுக்காடு மட்டுமே. அதாவது ஐந்து தோட்டாக்களில் நான்கு வேறெங்கோ போகின்றன. நெரிசலான பள்ளி நடைக்கூடத்தில் அந்த நான்கும் எங்கே போகும் என்பதை விளக்க வேண்டியதில்லை. கொலம்பைன் உயர்நிலைப் பள்ளியில் 1999இல் பணியிலிருந்த ஆயுதக் காவலர் கொலையாளிகளில் ஒருவரை நோக்கிச் சுட்டார், படவில்லை. டெக்சாஸின் யுவால்டியில் 2022 மே 24 அன்று 376 காவல் அலுவலர்கள் திரண்டும், கொலையாளி இருந்த வகுப்பறைக்குள் நுழைய 77 நிமிடங்கள் ஆயின. 19 குழந்தைகளும் 2 ஆசிரியைகளும் இறந்தனர். துணிவும் குறியும் சில மணி நேரப் பயிற்சியால் வாய்த்துவிடுவதில்லை.

ஆசிரியருக்கு ஆயுதம் தரும் சோதனையை அமெரிக்காவுக்கு வெளியிலும் காணலாம். 2014 டிசம்பரில் பெஷாவர் இராணுவப் பள்ளியில் 130க்கும் மேற்பட்ட மாணவர்கள் கொல்லப்பட்ட பின், பாகிஸ்தானின் கைபர் பக்தூன்குவா மாகாண அரசு ஆசிரியர்கள் ஆயுதம் வைத்திருக்க அனுமதித்தது. 2015இல் ஸ்வாத் பகுதியில் ஆசிரியர் ஒருவரின் துப்பாக்கி தவறுதலாக வெடித்து மாணவர் ஒருவர் இறந்தார். 2016 ஜனவரியில் சார்சத்தாவின் பாச்சா கான் பல்கலைக்கழகம் தாக்கப்பட்டபோது, வேதியியல் விரிவுரையாளர் ஒருவர் தம் கைத்துப்பாக்கியால் எதிர்த்துச் சுட்டு, மாணவர்கள் தப்ப வழிசெய்து, உயிர்விட்டார். ஒரே கொள்கையின் இரு விளைவுகள் இவை. வீரத்தை நினைவுகூர்வோர் விபத்தையும் சேர்த்தே எண்ண வேண்டும். தாக்குதல் என்றோ ஒருநாள் வருவது. துப்பாக்கியோ நாள்தோறும் வகுப்பில் இருப்பது. கான்சாஸ் மாநிலம் 2013இல் இத்தகைய அனுமதியைத் தந்தபோது, அங்குள்ள பெரும்பாலான பள்ளி மாவட்டங்களுக்குக் காப்பீடு அளித்துவந்த நிறுவனம், ஆயுதம் அனுமதிக்கும் பள்ளிகளுக்குக் காப்பீடு தர மறுத்தது. இடரை எடைபோடுவதையே தொழிலாகக் கொண்டவர்களின் கணிப்பு அது.

தாக்குபவர் யார்?

இதுவரை கூறியவை திறன் பற்றியவை. பயிற்சியைக் கூட்டினால் இக்குறைகள் தீரும் என்று எவரேனும் வாதிடலாம். அடிப்படைச் சிக்கல் வேறிடத்தில் உள்ளது. கொலம்பைன், சாண்டி ஹூக், பார்க்லாண்ட், சாண்டா ஃபே, ஆக்ஸ்ஃபோர்டு, யுவால்டி, நாஷ்வில், அபலாச்சி ஆகிய இடங்களின் பள்ளிகளில் நடந்த எட்டுத் துப்பாக்கிச் சூட்டு நிகழ்வுகளிலும் சுட்டவர்கள் அந்தந்தப் பள்ளியின் அப்போதைய மாணவர்கள் அல்லது ஒரு காலத்தில் அங்கே படித்தவர்கள். பூட்டிய கதவு, ஒத்திகை, ஒளியும் இடம் ஆகியவற்றை அவர்களில் பலர் அப்பள்ளியிலேயே கற்றவர்கள். ஆசிரியரின் துப்பாக்கி யாரை நோக்கித் திரும்ப வேண்டியிருக்கும் என்பதற்கு இதுவே விடை: நேற்று தம் வருகைப் பதிவேட்டில் இருந்த பெயரை நோக்கி.

இது மனவேதனை பற்றிய கருத்து மட்டுமன்று. தடுப்பு முறை பற்றியதும் ஆகும். அமெரிக்க ரகசிய சேவைப் பிரிவு கல்வித்துறையுடன் இணைந்து 2002இல் வெளியிட்ட ஆய்வு, 37 தாக்குதல்களை ஆராய்ந்தது. அவற்றில் 81 விழுக்காட்டில், தாக்குபவரின் எண்ணம் அல்லது திட்டம் முன்கூட்டியே குறைந்தது ஒருவருக்காவது தெரிந்திருந்தது. அறிந்தவர்கள் பெரும்பாலும் சக மாணவர்கள். அதே பிரிவின் 2019ஆம் ஆண்டு ஆய்வு, துப்பாக்கி பயன்பட்ட தாக்குதல்களில் ஏறத்தாழ நான்கில் மூன்றில் அது பெற்றோர் அல்லது நெருங்கிய உறவினர் வீட்டிலிருந்து வந்தது எனக் காட்டியது. தாக்குதல் திடீரென்று வெடிப்பதில்லை. பேச்சில் கசிகிறது, குறிப்பேட்டில் தெரிகிறது, வீட்டு அலமாரியிலிருந்து கிளம்புகிறது.

மிச்சிகனின் ஆக்ஸ்ஃபோர்டு உயர்நிலைப் பள்ளி இதற்குத் தெளிவான சான்று. 2021 நவம்பரில், 15 வயது மாணவர் ஒருவர் தோட்டாக்களைப் பற்றி இணையத்தில் தேடுவதை ஓர் ஆசிரியை கவனித்துத் தெரிவித்தார். மறுநாள் காலை அம்மாணவரின் தாளில் துப்பாக்கிப் படத்தையும் உதவி கேட்கும் சொற்களையும் இன்னொரு ஆசிரியை கண்டார். பெற்றோர் அழைக்கப்பட்டனர், அவர்கள் பிள்ளையை வீட்டுக்கு அழைத்துச் செல்லவில்லை. பையைச் சோதிக்காமலே அவர் வகுப்புக்கு அனுப்பப்பட்டார். சில மணி நேரத்தில் அவர் சுட்டதில் நான்கு மாணவர்கள் இறந்தனர். அங்கே ஆசிரியர்களின் கண் தவறவில்லை. அவர்கள் கண்டதன் மீது நிறுவனம் செயல்படத் தவறியது. துப்பாக்கி வாங்கிக் கொடுத்த பெற்றோர் இருவரும் 2024இல் கொலைக்குற்றமாகாத மரணம் விளைவித்த குற்றத்துக்காகத் தண்டிக்கப்பட்டதும் நீதிமன்றம் பார்வையைக் கடைசி நிமிடத்திலிருந்து முந்தைய நாட்களுக்கு நகர்த்தியதைக் காட்டுகிறது.

இப்பார்வைக்கு இன்றியமையாதது, மாணவர் ஆசிரியரிடம் வாய் திறக்கும் உரிமையுணர்வு. நண்பன் துப்பாக்கி பற்றிப் பேசுகிறான் என்று சொல்ல வருபவர், சொல்வதன் விளைவு அந்த நண்பன் சுடப்படுவதாகவும் இருக்கலாம் என்று அஞ்சினால் வாயை மூடிக்கொள்வார். ஆசிரியர்களே இதை உணர்ந்திருக்கிறார்கள் போலும்: ராண்ட் நிறுவனத்தின் 2023ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் 54 விழுக்காட்டினர் ஆயுதம் பள்ளியின் பாதுகாப்பைக் குறைக்கும் என்றனர், 20 விழுக்காட்டினரே கூட்டும் என்றனர்.

எல்லைக்கோடு

ஹாரல்ட் போன்ற தொலைதூரப் பள்ளிகளின் இக்கட்டு இவ்வாதத்தால் மறைந்துவிடாது. அங்கே யாரேனும் ஒருவர் ஆயுதம் தாங்கத்தான் வேண்டும் என்றால், அவர் காவலருக்கு நிகரான பயிற்சி பெற்றவராகவும், பாடம் நடத்தாதவராகவும் இருப்பதே முறை. பார்க்லாண்ட் நிகழ்வுக்குப் பின் புளோரிடா 2018இல் இயற்றிய சட்டம் இந்த வேறுபாட்டை அறிந்திருந்தது. மாணவர்களைத் தம் உடலால் மறைத்து உயிரிழந்த விளையாட்டுப் பயிற்சியாளரின் பெயரைத் தாங்கிய அத்திட்டம், சில விலக்குகள் நீங்கலாக, வகுப்பறைப் பணி மட்டுமே செய்யும் ஆசிரியர்களைச் சேர்க்கவில்லை. 2019 திருத்தம் அந்தக் கோட்டை அழித்தது. அதை மீண்டும் வரைவதும், ஆசிரியர் கண்டு சொல்வதன் மீது அன்றே செயல்படும் குழுவையும், வீட்டுத் துப்பாக்கியைப் பூட்டி வைக்கும் சட்டத்தையும் அதனருகே வைப்பதும் ஒரே கொள்கையின் பகுதிகளாக அமைய வேண்டும்.